கயிறு விற்றவருக்கு

“ஆமென்னா சொன்னிய?”

சங்கரியக்கா இதையே இரண்டாவது முறையாகக் கேட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த இஸ்ரவேல் சார் தலையைக் குனிந்துகொண்டார். பாளையங்கோட்டையில் முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முன்னால் எத்தனையோ பிள்ளைகள் இப்படித் தலை குனிந்து நின்றிருக்கும்.

“ஆமாம்மா. கண்ண மூடி, ஆமென்னு சொல்லிட்டேன்.”

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

என் பெயர் நூகு. மேலப்பாளையத்துக்காரன். பாளை மார்க்கெட் பக்கம் ஒரு தையல்கடையின் மாடியில் இருக்கும் சங்கரி துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளன். அக்கா முன்பு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளைம்களைத் தோண்டி எடுக்கும் வேலையில் இருந்தாள். பதினைந்து வருடம் பொய்களையே கேட்டதில் அவளுக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. யாராவது ஏமாந்துபோய் வந்தால் முதலில் ஏமாந்தவர் மேல்தான் கோபம் வரும். பிறகு அது ஏமாற்றினவன் மேல் திரும்பும். அந்த இரண்டாவது கோபம் லேசில் இறங்காது.

சாரின் கதை இதுதான். கண் புரை ஆபரேஷனுக்குப் பிறகு கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். வீட்டில் நின்ற வெள்ளை ஆல்டோவை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்தார். மூன்று வாரம் முன்பு களக்காட்டுப் பள்ளிக்கூட ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டு ஹெப்ரான் என்று ஒருவன் வந்து வாங்கிப் போனான். பெயர் மாற்றும் பாரங்களில் சார் கையெழுத்துப் போட்டு அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். அவனோ பெயர் மாற்றவேயில்லை. முந்தாநாள் சாயங்காலம் அந்தக் கார் முன்னீர்பள்ளம் விலக்கில் பூ விற்கும் பார்வதியம்மாளை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அந்த அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிவு. பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். எதிர்க் கடையின் கேமராவில் நம்பர் மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது இஸ்ரவேல் சாரின் பெயர்.

“ஹெப்ரான் கொடுத்த போன் நம்பர் உபயோகத்துல இல்ல. களக்காட்டுல எந்தப் பள்ளிக்கூடத்துலயும் அப்படி ஒரு வாத்தியார் இல்லையாம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஆளக் கொண்டாந்து நிறுத்துங்க, இல்லன்னா உங்க பேர்லதான் கேஸ்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரு,” என்றார் சார். “எம் பொஞ்சாதி சாரம்மாள் முந்தாநாள்லருந்து சாப்பிடல. அவதான் உங்ககிட்டப் போகச் சொன்னா.”

“எதுக்குப் பயப்படுதிய சார்? நான் இருக்கேன்லா!”

சொன்னது ஜன்னலோரம் நின்ற சிவகணேஷ். சாரிடம் படித்தவன். இப்போது ஒர்க்ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். அந்த ஆல்டோவுக்குப் பத்து வருடமாக அவன்தான் வைத்தியம். தன்னுடைய ஆம்னி வேனில் சாரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். சாருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான், மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தான். வாத்தியாருக்கு இப்படி ஒரு மாணவன் அமைந்தால் கொடுத்து வைத்தவர்தான் என்று நானும் நினைத்தேன்.

“ஆளு அடையாளம் வேண்டாம் சார். அத எல்லாரும் தப்பாத்தான் சொல்லுவாவ,” என்றாள் அக்கா. “வாங்க வந்தவன் என்னென்ன செஞ்சான், அதச் சொல்லுங்க.”

சார் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். கார் கேட்டு வந்த பதினொரு பேரையும் தேதி போட்டு, நேரம் போட்டு, அவர்கள் சொன்னதைச் சுத்தமான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். கணக்கு வாத்தியார் கணக்கு வாத்தியார்தான்.

நான் வாங்கி வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. பழைய வண்டியைச் சொந்தமாக விற்றுப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கொடுமை தெரியும். விடிவதற்குள் போன் போட்டு, எந்த வண்டி, எந்த வருடம் என்று ஒன்றும் கேட்காமல் “கடைசி விலை என்ன?” என்பான் ஒருத்தன். ஓட்டிப் பார்க்கிறேன் என்று குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு கிருஷ்ணாபுரம் கோயில் வரை போய்ச் சாமி கும்பிட்டுத் திரும்பி, “கலரு பிடிக்கல” என்று சாவியை நீட்டியிருக்கிறான் இன்னொருத்தன். மூன்றாமவன் பானெட்டை விரலால் தடவி மோந்து பார்த்திருக்கிறான். எதற்கென்று அவனுக்கே தெரியாது. சார் இவர்கள் எல்லோருக்கும் காபி கொடுத்திருக்கிறார். அதையும் எழுதி வைத்திருக்கிறார்.

“நாலாம் ஆளு: பின்சீட்டுக்கு அடியில் துரு என்றார். அஞ்சாம் ஆளு: பின்சீட்டுக்கு அடியில் துரு என்றார். ஆறாம் ஆளு, அதே துரு. என்ன சார், பத்தாம் ஆளு வரைக்கும் துரு துருன்னே வருது?”

“எல்லாரும் விவரமான ஆளுக தம்பி. சீட்டத் தூக்கிக்கூடப் பாக்கல. டக்குனு சொல்லிட்டாங்க. எனக்கே அப்படி ஒரு துரு இருக்கிறது தெரியாது.”

“எக்ஸ்ரே கண்ணு போல,” என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி அந்தப் பக்கங்களைத் தானும் ஒருமுறை புரட்டிவிட்டு மூடி வைத்தாள். “பதினொண்ணாம் ஆளுக்கு வாங்க. ஹெப்ரான்.”

“அவர் மட்டும்தாம்மா மரியாதையாப் பேசினார். மத்தவங்க பேசின பேச்சுல நொந்து போயிருந்தேன். ‘இத எடைக்குத்தான் போடணும் பெரியவரே’ன்னு ஒருத்தன் எம் பொஞ்சாதி முன்னால வச்சே சொல்லிட்டான். இவர் வந்தார். பேரு ஹெப்ரான்னதும் நம்ம சபை ஆள்னு ஒரு இது. ஆதார் நகல்கூடக் கேக்கல.”

“வந்து என்ன செஞ்சான்?”

“வண்டிய மூணு சுத்து சுத்தி வந்தார். பின்பக்கத்துல உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்டினார். அப்புறம் முன்னால போய் பானெட்டத் தொறந்து, குனிஞ்சு உள்ள பாத்தார். பாத்துட்டு, ‘எத்தன ஈத்து?’ன்னு கேட்டார்.”

“என்னது?”

“எத்தன ஈத்துன்னு. எத்தன கை மாறின வண்டின்னு கேக்குறார் போலன்னு நானா அர்த்தம் பண்ணிக்கிட்டேன். களக்காட்டுப் பக்கம் விவசாய ஊருல்லா, அப்படித்தான் பேசுவாங்க போலன்னு நெனச்சேன். ‘நான்தான் முத ஆளு’ன்னு சொன்னேன். ‘அப்ப தலையீத்து’ன்னு சொல்லிக்கிட்டார்.”

“அதுக்கப்புறம்தான் ஆமெனா?”

சாரின் முகம் சிவந்துவிட்டது. “விலை பேச உக்காந்தோம். திடீர்னு தோள்ல கெடந்த துண்ட எடுத்து என் கையில போட்டு, அதுக்கு அடியில என் கையப் பிடிச்சார். நல்ல காரியம் ஆரம்பிக்கும்போது நாங்க ஜெபம் பண்ணுவோம். அதுக்குத்தான் கையப் பிடிக்கிறார்னு கண்ண மூடிட்டேன். என் விரல்ல மூணத் தனியாப் பிடிச்சு அமுக்கினார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு நெனச்சு ஆமென் சொன்னேன். உடனே அவர் எந்திரிச்சு, ‘முடிஞ்சது, லட்சத்து முப்பது’ன்னுட்டார். நான் கேட்டது லட்சத்து அறுவது. ஆமென் சொன்ன வாயால எப்படிம்மா மாத்திப் பேச?”

இந்தத் தடவை எனக்குச் சிரிப்பே வரவில்லை.

“இன்னொண்ணும் இருக்கு,” என்று சார் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவிச் சங்கிலியை எடுத்தார். கட்டைவிரல் உயரத்தில் பித்தளையில் செய்த, பாளைத் தேவாலயத்தின் ஊசிக்கோபுரம். “சாரம்மாள் வாங்கி மாட்டினது. சாவியக் கொடுத்ததும் அவர் இதை மட்டும் கழட்டி என் கையில கொடுத்துட்டார். ‘கயிறு வித்தவருக்கு’ன்னார். என்ன ஒரு பண்புன்னு நெனச்சேன்.”

அக்கா எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

“ஏலே நூகு, இன்னைக்கு என்ன கிழமை?”

“செவ்வாக்கிழமை.”

“உங்க ஊர்ல செவ்வாக்கிழமை என்னலே நடக்கும்?”

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. மாட்டுச் சந்தை! எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் சந்தை. நடக்கப் பழகியதே அந்தச் சாணியில்தான். பின்தொடையில் தட்டிப் பார்ப்பதும், வாயைத் திறந்து பல் பார்ப்பதும், எத்தனை ஈத்து, அதாவது எத்தனை கன்று போட்டது என்று கேட்பதும், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை சொல்வதும் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். மாட்டை விற்கிறவர் கயிற்றைக் கழற்றி வைத்துக்கொண்டு மாட்டை மட்டும்தான் கொடுப்பார். கயிறு விற்றவருக்கு. இதையெல்லாம் காதால் கேட்டுக்கொண்டு எக்ஸ்ரே என்று ஜோக்கடித்துக்கொண்டிருந்தேனே, என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

“அவன் வாத்தியாரும் இல்ல, களக்காடும் இல்ல,” என்றாள் அக்கா. “மாட்டுத் தரகன். ஆயுசுல முதல்முதலா கார் வெல பேச வந்திருக்கான். கை தன்னால பழக்கப்பட்ட வேலையப் பாத்துட்டு.”

“எக்கா,” என்றான் சிவகணேஷ். “சந்தையில ஆயிரம் பேரு நிப்பான். அங்கன போய் யாரன்னு தேட? களக்காடு போவோம். ஊர்ப் பேராவது இருக்கு. நான் கூட்டிட்டுப் போறேன்.”

“இன்னைக்கு விட்டா அடுத்த செவ்வாதான்பா. சாருக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் நேரம். சந்தை பன்னெண்டுக்குக் கலைஞ்சிரும்.” அக்கா அவன் தோளில் கை வைத்தாள். “உன் வேன்லயே போவோம். நீ பக்கத்துல இருந்தா சாருக்கும் தைரியமா இருக்கும்.”

மணி பத்தரை.

குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைப் பற்றித் திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் அவசரமாகப் போகிற அன்றைக்கு அது கட்டாயம் மூடியிருக்கும். சிவகணேஷ் இன்ஜினை அணைத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தான்.

“கூட்ஸு வண்டி. இருவது நிமிசம் ஆவும். திரும்பிடுவோமா?”

“ஏன்வே திரும்பணும்? ரயில் என்ன கேட்டுக்குள்ளயே குடியிருக்கப் போவுதா?” என்றேன். ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், ஸ்டியரிங் பக்கம் தொங்கிய அவன் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துப் பதினைந்து சாவிகள். ஒன்றின் தலையில் மட்டும் சாம்பல் நிறத்தில் அவலட்சணமாக ஒரு கட்டி ஒட்டியிருந்தது. “இதென்ன, சொத்தப் பல்லுக்குச் சிமெண்ட் வச்ச மாதிரி ஒரு சாவி?”

“அது பழைய ஷட்டர் சாவி,” என்று சொல்லி, சாவிக்கொத்தின்மேல் தன் கைக்குட்டையைத் தொங்கவிட்டான். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. ஒர்க்ஷாப் ஷட்டர் சாவிக்கு வெட்கம் எதற்கு?

பின்சீட்டில் சார் யாரிடமோ சொல்வதுபோல் பேசினார். “அந்தம்மா சாமந்தி கட்டிக்கிட்டு இருந்தாங்களாம். கூடை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்துச்சாம். நேத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன். அவங்க மக என்னைப் பாத்து, ‘இவந்தான்’னு கத்திச்சு. வார்டே என்னைப் பாத்துச்சு.”

அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவகணேஷ் அவசரமில்லாமல் ஹாரனைத் துணியால் துடைத்தான்.

கேட் திறந்து, பாளையங்கால்வாய் தாண்டி நாங்கள் சந்தைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றரை. பாதி மாடுகள் வண்டியேறிவிட்டன. புழுதியும் சாணியும் சத்தமும். வழியெங்கும் துண்டுகள் விரிந்து, அதற்கடியில் கைகள் பேசிக்கொண்டிருந்தன. வாய்கள் மட்டும் ஊர்க்கதை பேசின.

“நூகு, உனக்குத் தெரிஞ்ச யாராவது?”

“எங்க மாமா அனஸ் நுழைவுச் சீட்டுக் கிழிக்காரு.” ஓடினேன். மாமாவிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: சமீபத்தில் கார் வாங்கிக் கொடுத்த தரகன் யாராவது உண்டா?

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “கொம்பையாவத்தான கேக்க? அந்தாள வாரம் பூரா ஓட்டிக்கிட்டுல்லா இருக்கோம்! கார் தவிடு திங்குமா, புண்ணாக்கு திங்குமான்னு. அந்தா, வேப்பமரத்தடியில நிக்காரு பாரு.”

வேப்பமரத்தடியில் வெள்ளை வேட்டியும் பச்சைத் துண்டுமாக ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயசிருக்கும். இஸ்ரவேல் சார் அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“ஹெப்ரான்,” என்றார்.

கொம்பையாவும் பார்த்துவிட்டார். ஓடவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“வாங்க சாரு. வண்டி சௌரியமா?” என்றார். என்ன கேட்கிறோம் என்றே தெரியாமல் கேட்டார்.

“வண்டிய வாங்கிட்டுப் போனவரு நீரு. எங்களையா கேக்கீரு?” என்றாள் அக்கா. “முன்னீர்பள்ளத்துல ஒரு பொம்பளையோட இடுப்ப ஒடிச்சிட்டு நிக்காமப் போயிருக்கு உம்ம வண்டி. இந்த மனுசன இன்னைக்கு சாயங்காலம் ஸ்டேசன்ல உக்கார வைக்கப் போறாவ. வாங்கின ரசீதுல ஹெப்ரான்னு கையெழுத்துப் போட்டது யாரு? நீருதான?”

கொம்பையாவின் வாய் திறந்தபடியே நின்றது. “யாத்தே! நான் எங்கன ஓட்டினேன்? எனக்கு சைக்கிளே வராதும்மா. நான் தரகன். ஒருத்தரு வாங்கிக் கொடுன்னாரு, வாங்கிக் கொடுத்தேன். ஹெப்ரான்ங்கிறது வாங்குற ஆளு பேரு, அவருக்குப் பதிலாப் போட்டுருன்னாவ. போட்டேன்.”

“நாலாம் ஆளுலருந்து பத்தாம் ஆளு வரைக்கும் துருவச் சொன்னாங்களே, அவங்க?”

“அதுவும் நம்ம சந்தைப் பயலுவதான்,” என்றார் கொம்பையா. குரல் உள்ளே போய்விட்டது. “டீச்செலவு கொடுத்து அனுப்புனாவ. எங்கன துரு இருக்குன்னு சொல்லிக் கொடுத்து, பெரியவரு மனசு விடுற மாதிரி பேசிட்டு வாங்கன்னு. மாட்டுக்கு நாங்க அப்படித்தான் செய்வோம். ஏழு பேரு நொட்டை சொன்னா எட்டாம் ஆளுக்குத் தணிஞ்சு வரும்.”

நான் சாரைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. எடைக்குப் போடு என்று சாரம்மாள் முன்னால் சொன்னவனுக்கும் அவர் காபி கொடுத்திருந்தார்.

“அனுப்புனது யாரு?”

கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“எக்கா, இந்தாளு கத விடுதான்,” என்றான் சிவகணேஷ் பின்னாலிருந்து. “தப்பிக்கப் பாக்கான். போலீஸக் கூப்பிடுங்க, நாலு தட்டு தட்டுனா தன்னால வரும்.”

“வேண்டாம்பா.” அக்கா திரும்பவில்லை. “கொம்பையாண்ணாச்சி, யாருன்னு சொல்லும்.”

“யம்மா, தரகன் ஆளக் காட்டிக் கொடுத்தா அடுத்த செவ்வாக்கிழமை இந்தச் சந்தைக்குள்ள கால் வைக்க முடியாது. எங்க அப்பா காலத்துலருந்து நிக்கிற இடம். என் வாயால வராது. ஜெயிலுக்குப் போவச் சொன்னாலும் போறேன்.”

சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊரை ஏமாற்றக் கையெழுத்துப் போடலாமாம், பேர் சொல்ல மட்டும் நாக்கு எழாதாம்! சத்தம் போட வாயெடுத்தேன். அக்கா என்னைக் கையமர்த்திவிட்டு, கொம்பையாவின் முன்னால் போய்த் தன் வலது கையை நீட்டினாள்.

“வாயால வேண்டாம். துண்டப் போடும்.”

“என்னம்மா?”

“துண்டப் போடும்வே. துண்டுக்குள்ள சொன்னது துண்டோட போச்சு, அதான உங்க சட்டம்? எம் பின்னால மூணு ஆம்பிளையாளு நிக்காவ. என் இடது கைப் பக்கத்துலருந்து எண்ணும். உம்ம அனுப்புனவரு இதுல இருந்தா எத்தனாவது ஆளோ அத்தன விரலப் பிடியும். இல்லன்னா கைய விட்டுரும்.”

ஒரு பொம்பளையின் கையில் துண்டு விழுந்து அந்தச் சந்தை பார்த்ததில்லை. கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு முன்னால் வந்தது. கொம்பையா இஸ்ரவேல் சாரைப் பார்த்தார். பிறகு பச்சைத் துண்டைத் தோளிலிருந்து உருவி அக்காவின் கைமேல் போட்டார். தன் கையையும் உள்ளே விட்டார்.

துண்டு கொஞ்சம் அசைந்தது. அவ்வளவுதான்.

அக்கா கையை வெளியே எடுத்து உயர்த்தினாள். மூன்று விரல்.

நான் எண்ணினேன். இடது ஓரத்தில் நான். ஒன்று. என் பக்கத்தில் இஸ்ரவேல் சார். இரண்டு. அந்தப் பக்கம் சிவகணேஷ்.

“எந்தப் பக்கத்துலருந்து எண்ணுதிய?” என்று கத்தினான் சிவகணேஷ். “அந்தப் பக்கத்துலருந்து எண்ணிப் பாருங்க, நூகுதான் மூணாவது!”

“ஏலே, எனக்குத் துரு தெரியாதுலே,” என்றேன். “எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பிரியாணி.”

“அது காலையிலயே தெரிஞ்சுபோச்சு சிவகணேஷ்,” என்றாள் அக்கா. அவளுடைய இரண்டாவது கோபம் இப்போதுதான் குரலில் ஏறியிருந்தது. “சொந்தக்காரருக்கே தெரியாத துரு அது. சீட்டத் தூக்காமலே ஏழு பேருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அந்தச் சீட்டத் தூக்கிப் பாத்தவன் ஊர்ல ஒருத்தன்தான், பத்து வருசமா வண்டிக்கு வேலை பாத்தவன். அதனாலதான் உன் வேன்லயே வந்தேன். நீ முன்னால வந்து நின்னாத்தான அண்ணாச்சிக்கு எண்ண வசதி.”

“ஒரு தரகன் பேச்ச நம்பி... என்ன சாட்சி இருக்கு? சார், நீங்களே சொல்லுங்க சார். நான் உங்களுக்கு...”

“சாவிக்கொத்த எடு,” என்றாள் அக்கா.

அவன் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். அவன் பையிலிருந்து கைக்குட்டையோடு சேர்ந்து வந்தது. சிமெண்ட் வைத்த சொத்தைப் பல் வெயிலில் நன்றாகவே தெரிந்தது. இஸ்ரவேல் சார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என் கார் சாவி,” என்றார். “தலை உடைஞ்சு போச்சு. எம்-சீல் வச்சு நான்தான் ஒட்டினேன். காயறதுக்குள்ள பிடிச்சிட்டேன்னு சாரம்மாள் திட்டினா. இந்தா பாருங்க, என் பெருவிரல் ரேகை அப்படியே பதிஞ்சிருக்கு.”

திருடுகிறவர்கள் பத்து விஷயத்தில் கெட்டிக்காரர்களாக இருந்து பதினொன்றாவதில் மாட்டிக்கொள்கிறார்கள். புதுப் பூட்டே மாற்றத் தெரிந்த மெக்கானிக்குக்குத் தன் கொத்தில் தொங்கும் சாவியைக் கழற்றத் தோன்றவில்லை.

பிறகு எல்லாம் தானாக வந்தது. ஆல்டோ அவன் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. வேறு பெயின்ட் அடித்து, சார் கையெழுத்துப் போட்ட பாரத்தை வைத்து நல்ல விலைக்குத் தள்ள நினைத்திருந்தான். குறைந்த விலைக்குத் தானே கேட்டால் சார் என்ன நினைப்பாரோ என்று கூச்சமாம். ஹெப்ரான் என்று பெயர் வைத்தால் சார் ஆதார் கேட்கமாட்டார் என்று அந்தக் கூச்சக்காரனுக்குத் தெரிந்திருந்தது.

“நான் வேணும்னு இடிக்கல சார்,” என்றான். அழ ஆரம்பித்திருந்தான். “அந்தம்மா குறுக்க வந்துட்டா. பயத்துல... உங்க பேரு வரும்னு நெனைக்கல சார். கேஸு நிக்காதுன்னு நெனச்சேன். உங்களுக்கு வயசாயிட்டு, விட்டுருவாவன்னு...”

அக்கா போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். கொம்பையாவும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். இந்தத் தடவை சொந்தப் பேரில். கொம்பையா தலையாட்டினார்.

இஸ்ரவேல் சார் சிவகணேஷின் முன்னால் போய் நின்றார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அடித்தால் தடுப்பதில்லை என்றும் முடிவு செய்திருந்தேன்.

“முப்பத்து நாலு வருசத்துல ஒரு பிள்ள மேலயும் நான் கை வச்சதில்ல,” என்றார். குரல் வகுப்பின் கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல். சந்தை முழுக்கக் கேட்டது. “உன்னை அடிச்சிருக்கணும்லே. அந்தம்மா ரோட்டுல கெடக்கும்போது நிக்காமப் போயிருக்க. நேத்து அதே ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிட்டு வந்தியே, வாசல்ல நின்னியே! அந்தப் புள்ள ‘இவந்தான்’னு என்னைப் பாத்துக் கத்தினப்போ எனக்குத் தண்ணி வாங்கிக் கொடுத்தியேலே!”

சிவகணேஷ் அவர் காலைப் பிடிக்கக் குனிந்தான். சார் அவன் கையைப் பிடித்து நிமிர்த்தினார். சட்டைப் பையிலிருந்து பித்தளை ஊசிக்கோபுரத்தை எடுத்தார். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதை உள்ளே வைத்து, மூடினார்.

“கயிறு வித்தவனுக்குத்தானாம்,” என்றார். “வச்சுக்கோ. என்னைய வித்தவன் நீதான.”